நாலாம் குறுக்குத் தெருவில் விழுந்த கோடு

1997 நவம்பர் 17, திங்கள்

மழை. விடியலில் தொடங்கியது, பத்து மணிக்கும் விடவில்லை. பிரதேச சபைக் கந்தோர்க் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. வாளி ஒன்று, பேசின் ஒன்று, மூன்றாவதுக்குத் தேநீர்க் கேத்தல். கோப்புகளை அலுமாரி மேலிருந்து இறக்கி மேசைக்குக் கீழே அடுக்கினேன். பூனை ஏற்கெனவே அங்கே குட்டி போட்டிருக்கிறது. நாலு.

செய்ய வேண்டியவை:
டிசம்பர் 10 வரவு செலவுத் திட்டக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல்.
உறுப்பினர்களுக்கு அழைப்பு. சபைத் தலைவரான தவிசாளரோடு ஒன்பது பேர்.
மகள் ஸபீனாவின் வீட்டுக்குப் பின்கதவு. தச்சன் இன்னும் தரவில்லை.
இருமலுக்கு மருந்து.

பதினொரு மணிக்கு ஆதம்பாவா காக்கா வந்தார். கரைவலைச் சங்கத் தலைவர், ஊருக்கே காக்கா, அண்ணன். நனைந்த சாரத்தை வாசலில் பிழிந்துவிட்டு உள்ளே வந்து, நின்றபடியே கதைத்தார்.

"தம்பி, வாடி போயிட்டு." கடற்கரையில் வலை வைக்கும் கொட்டிலைச் சொல்கிறார்.

"போன வருசம் பின்னுக்குத் தள்ளிக் கட்டினதா?"

"ஓம். சுபஹு தொழுதிட்டுப் போய்ப் பாக்கக்குள்ள நாலு கால்ல ரெண்டுதான் நிக்கிது. வலைய மட்டும் இழுத்து எடுத்த."

ஒவ்வொரு மாரிக்கும் வருவார். கடற்கரையில் கல் கொட்டச் சொல்வார், சபை நாலு லோடு கொட்டும், அடுத்த மாரியில் கடல் அதைச் சுற்றிக்கொண்டு வரும். இந்த முறை வேறு கதை.

"எங்களுக்குக் கல்லு வேணாம். எங்கட வாடிக்கு முன்னால போட்டா அடுத்தாள்ட வாடி போகும். ரவி தம்பி மண்ணுல கீறிக் காட்டினவர். ஊர அளக்கச் செல்லுங்க." சபையிடம் அளக்கச் சொல்லும்படி கேட்கிறார்.

ரவீந்திரன் எங்கள் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர். காரைதீவு ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருடமாக ஒரே விடயத்தைக் கேட்கிறார். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு புதுத் தலைப்பு. அந்தப் பணத்தில் ஊர் முழுவதையும் மட்டம் பிடித்து, வயற்பக்க வெள்ளம் எந்த வழியாக இறங்குகிறது, கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று பார்த்து, வரப்போகும் வருடங்களுக்கு ஒரு திட்டம். எந்த வடிகானை அகலமாக்குவது, எந்தப் பள்ளத்தை நிரப்பக் கூடாது, எந்தக் கோட்டுக்குக் கிழக்கே இனி வீடு கட்ட விடக் கூடாது. உலகம் சூடாகிறது, கடல் உயரும், மழை முறை மாறும் என்று பத்திரிகைத் துண்டுகள் எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்.

அவர் சொன்னதைச் சபை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் கூட்டக் குறிப்பில் "கவனத்திற் கொள்ளப்பட்டது" என்று வந்தது. எழுதியவன் நான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. யாரும் கவனத்தில் கொள்ளவில்லை என்பதை அதில் எழுத முடியாது. அதனால்தான் இந்தக் கொப்பி.

"நீங்க ஒரு கடிதம் எழுதித் தாங்க" என்றார் ஆதம்பாவா காக்கா. "நாங்க கையெழுத்து வெக்கிறம்."

"நான் சபையில வேல செய்யிறவன் காக்கா."

"அதுக்காகத்தான் கேக்கிற. என்னத்தச் சென்னா அவங்கட மண்டையில ஏறும் எண்டு உங்களுக்குத்தான் தெரியும்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். குடையை வாசலில் வைத்தேன், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. இருமல் விடவில்லை.

எழுதிவிட்டேன். சுபஹுக்குப் பிறகு உட்கார்ந்தது, மனைவி கதீஜா காலைச் சாப்பாட்டுக்குப் பான் வாங்கி வருவதற்குள் முடிந்தது. ஒரு பக்கம். ஒரு இடத்தை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன், எனக்குப் பிடித்ததால்:

"இவ்வூரின் நிலம் எங்கே தாழ்ந்தது, வெள்ளம் எவ்வழி வந்து எவ்வழி போகிறது, கடல் எவ்வளவு உள்ளே வந்துவிட்டது என்று காட்டும் ஒரு தாள்கூடச் சபையிடம் இல்லை. தாள் இல்லாத ஊருக்கு ஒவ்வொரு மாரியும் புதிய மாரிதான்."

கதீஜா தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"என்ன எழுதுறீங்க?"

"கரைவலைக்காரருக்கு ஒரு கடிதம்."

"அத எழுதுங்க. தச்சனுக்கும் ஒண்டு எழுதுங்க. பின்கதவு எப்ப எண்டு."

பெப்ரவரியில் ஸபீனாவின் நிக்காஹ் என்று பேசி வைத்திருக்கிறோம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் இங்கே யாரும் நிக்காஹ் வைப்பதில்லை. கட்டியிருக்கிறோம். நாலாம் குறுக்குத் தெருவின் கிழக்கு முனையில், கதீஜாவுக்கு அவள் உம்மாவிடமிருந்து வந்த தென்னங்காணியில். அத்திவாரம் போட்ட வருடம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வரிசைத் தென்னை. இப்போது ஒரு வரிசை.

இதை எழுதும்போதுதான் அந்தக் கடிதத்தையும் இந்த வீட்டையும் ஒன்றாக நினைக்கிறேன். கடிதம் எழுதும்போது நினைக்கவே இல்லை. உண்மையாகவே நினைக்கவில்லை.

நவம்பர் 22, சனி

வெயில். வாடைக்காற்று பலமாக.

ரவி தன் விடுமுறை நாளில் கடற்கரை வட்டாரத்தை மட்டும் அளக்கிறார். மாதிரிக்கு ஒன்று காட்டினால் கூட்டத்தில் பேசலாம் என்பது எண்ணம். கோல் பிடிக்க வேண்டிய தொழிலாளி வரவில்லை. நான் பிடித்தேன். நாற்பத்தெட்டு வயதில் கடற்கரை மணலில் கோலோடு நின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

ஒன்பது மணிக்குக் கடற்கரைச் சாவடியிலிருந்து ஆமிக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். முக்காலியின் மேல் குழாய் வைத்த கருவி, பக்கத்தில் காரைதீவு அடையாள அட்டையோடு ஒரு தமிழர், யுத்த காலத்தில் சந்தேகப்பட அது போதும். ரவியின் பையை மணலில் கொட்டினார்கள். நான் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சபை, வடிகான், வெள்ளம் என்றேன். சபையின் கடிதம் எங்கே என்றார்கள். சபை கடிதம் தராதுதானே. ஒரு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். பிறகு அவர்களின் பெரியவர் வந்து, கருவிக்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். தூரத்தில் ஒரு மாடு தெரிந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

 கொட்டிக் கிடந்த பென்சில்களை ரவி ஒவ்வொன்றாக மணல் தட்டிப் பைக்குள் போட்டார்.  நான் பார்க்காதது போல் கடலைப் பார்த்தேன்.

"இண்டைக்குப் போதும் ரவி."

"நாலாம் குறுக்குத் தெரு மட்டும் மிச்சம், நானா. முடிச்சிட்டே போவம்." எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல் என்னை நானா என்பார்.

முடித்தோம். ஸபீனாவின் வீட்டு விறாந்தையில் தாளை விரித்துக் கோட்டை இழுத்தார். தெரு முனையில் வந்ததும் பென்சில் நின்றது. பிறகு மெதுவாகப் போனது. கிணற்றுக்கும் மேற்கால. முழு வீடும் கோட்டுக்குக் கிழக்கே, கடல் பக்கம் விழுந்தது.

"நானா, இது கடல் இப்ப நிக்கிற இடத்த வெச்சுப் போட்ட கோடில்ல. இப்பிடியே வந்தா எங்க நிக்கும் எண்டு போட்ட."

"தெரியும்."

கேட்கக் கூடாது என்று தெரிந்துகொண்டே கேட்டேன். "கொஞ்சம் கிழக்கால தள்ளிப் போடேலாதா? ஒரு வீடுதானே."

ரவி பென்சிலை என் பக்கம் நீட்டினார். "நீங்களே போடுங்க. நான் ஒண்டும் செல்ல மாட்டன்."

கிண்டல் இல்லை. உண்மையாகவே தந்தார். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நடுப்பகல் ளுஹருக்குப் பாங்கு கேட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கதீஜாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 24, திங்கள்

மப்பு வானம். மழை இல்லை.

காலையில் ஆதம்பாவா காக்கா கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். மூன்று தாள் நிறையக் கையெழுத்து, அரைவாசி கைநாட்டு. முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, தவிசாளரின் மேசைக்கு அனுப்பினேன். (இனி தவி. என்று எழுதுவேன். பெயர் வேண்டாம்.)

இரண்டு மணிக்கு அழைப்பு. கதவைச் சாத்தச் சொன்னார். கடிதம் அவர் முன்னால், கண்ணாடி நெற்றியில்.

"இத ஆர் எழுதின?"

"கரைவலைச் சங்கம் தந்தது சேர்."

"தந்தது தெரியும். எழுதின ஆர்?"

நான் முத்திரை மை பட்ட விரலைப் பார்த்தேன்.

"நஸீர், மூணு வருசமா நான் மேடையில பேசுற தமிழ் உங்கட தமிழ். தாள் இல்லாத ஊருக்கு ஒவ்வொரு மாரியும் புதிய மாரிதான். இத நான் பேசியிருந்தா சனம் கை தட்டியிருக்கும். எனக்கே எதிரா எழுதிட்டீங்க."

"எதிரா இல்ல சேர். கேட்டு எழுதின."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். எழுந்து யன்னல் பக்கம் போனார்.

"சனம் எங்கிட்ட வந்து என்ன கேக்கிது தெரியுமா? லைட் கேக்கிது. ரோட்டுக் கேக்கிது. மையத்து அடக்கிற மையவாடிக்கு மதில் கேக்கிது. திட்டம் எழுதித் தா எண்டு ஒராள் வந்ததில்ல. கல்லுக் கொட்டினா சனம் கண்ணால பாக்கும். காயிதத்த ஆர் பாக்கிற?"

இதில் பொய் ஒன்றும் இல்லை. நானே எத்தனை பேருக்கு லைட்டுக்கும் மதிலுக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"அடுத்தது, அந்தக் கோடு. ரவி கீறின எண்டு கேள்விப்பட்டன். உங்கட மகள்ட வீட்டுக்கு எந்தப் பக்கத்தால போகுது?"

"மேற்கால."

"அப்ப?"

"அப்ப வீடு உள்ளுக்குத்தான் சேர்."

 கண்ணாடியை இறக்கி வேறு கோப்பு ஒன்றை எடுத்தார்.

"பொத்துவில்ல கிளார்க் ஒராள் தேவையாம். ரெண்டு தரம் கேட்டுட்டாங்க. நான் இன்னும் பதில் போடல்ல."

வெளியே வந்து தட்டச்சு யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தேன். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது: கடிதத் தொடர்புகள். அதற்குக் கீழே கரைவலைச் சங்கத்தின் மனுவைத் தட்டினேன்.

நவம்பர் 25, செவ்வாய்

மழைத் தூறல். கதீஜாவிடம் சொல்லிவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் கோடு போடுறீங்க. மகளுக்கு ஒரு வாசல் போடல்ல."

"கோடு போட்டாலும் போடாட்டியும் கடல் வரும் கதீஜா."

"வரட்டும். பத்து வருசத்துல வரட்டும். அதுக்குள்ள புள்ள வாழ்ந்துடுவா. கோட்டப் போட்டுட்டா இண்டைக்கே போச்சு. கோட்டுக்குள்ள இரிக்கிற வீட்ட ஆர் சீதனமா எடுப்பான்?"

சட்டியை மூடி வைத்தேன். 

"அது என்ட உம்மாட காணி" என்றாள் கடைசியாக. அழவில்லை. அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சோறு அப்படியே இருந்தது, கோழிக்குப் போட்டோம்.

ஸபீனா உள் அறையில் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசும்போது மெசின் நின்றிருந்தது. பேச்சு நின்றதும் மெசின் மறுபடி ஓடியது.

நவம்பர் 28, வெள்ளி

ஜும்ஆ முடிந்து சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். இப்றாலெவ்வை, மாப்பிள்ளையின் வாப்பா, நெல் ஆலைக்காரர். மாப்பிள்ளை அக்கரைப்பற்றில் பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல பையன், குறைந்த பேச்சு.

கதீஜா காலையிலேயே ஸபீனா மூலம் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள்: கோட்டைப் பற்றி ஒன்றும் கதைக்க வேண்டாம்.

பிளேன்டீ வந்தது. வயல் கதை, உரம் கதை. பிறகு:

"மச்சான், பள்ளி வாசல்ல ஒரு கதை அடிபடுது. கடற்கரைப் பக்கம் சபை வீடு கட்ட விடாதாம். நம்மட வீடு எப்பிடி?"

திரைக்குப் பின்னால் கதீஜாவின் காலடி நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சபை இன்னும் முடிவு எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. எனக்குப் பத்து வகையாகச் சொல்லத் தெரியும், அதுதானே என் தொழில்.

"முடிவு எடுக்கல்ல. எடுத்தா நம்மட வீடு உள்ளுக்கு வரும். அந்த மனுவ எழுதினதும் நான்தான்."

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். அதில் பாதி இருந்தது.

"நீங்களா?"

"ஓம்."

"என்னத்துக்கு மச்சான்?"

கடலைச் சொன்னேன், வாடியைச் சொன்னேன், வடிகானைச் சொன்னேன். அவர் கேட்டது அதை இல்லை என்று பேசும்போதே தெரிந்தது.

"வீட்டுல கேட்டு யோசிச்சுச் செல்லுறன்" என்று எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டும்வரை பக்கத்தில் நின்றேன். ஸலாம் சொன்னார். நல்ல மனிதர், கையையும் தந்தார்.

டிசம்பர் 1, திங்கள்

மூன்றாவது நாளாக அடைமழை. கந்தோருக்கு சாரத்தை இடுப்பு வரை தூக்கிக் கட்டிக்கொண்டு போனேன். காரைதீவுப் பக்கத்து பஸ் வரவில்லை. ரவியும் வரவில்லை. பூனை குட்டிகளைத் தவி.யின் அறைக்கு மாற்றிவிட்டது, அங்கே ஒழுக்கு இல்லை.

ரேடியோவில்: ஜப்பானில் உலக நாடுகளின் மகாநாடு இன்று தொடக்கம், உலகம் சூடாவதைப் பற்றி. அடுத்தது சினிமாப் பாட்டு.

டிசம்பர் 2, செவ்வாய்

வயற்பக்க வெள்ளம் ஊருக்குள் இறங்கிவிட்டது. கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் நாலாம் குறுக்குத் தெருவில் வந்து நின்றது, ஏனென்றால் வடிகானின் வாயில் சபை போன வருடம் கொட்டிய கல். வெட்டிவிடச் சபைத் தொழிலாளிகளுக்கு எழுத்தில் உத்தரவு வேண்டுமாம். தவி. கொழும்பில். ஆதம்பாவா காக்காவின் ஆட்கள் உத்தரவுக்கு நிற்கவில்லை. இருபது பேர், கல் பெயர்க்க அலவாங்கு, மண்வெட்டி. பத்து மணிக்குத் தொடங்கி பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டு கடலுக்குப் போனது. தெருவில் யாரும் இறக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆறு குடும்பம் பள்ளிக்கூடத்தில்.

காலையில், வாயை வெட்டுமுன், நான் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ஸபீனாவும் வந்தாள். வீட்டைப் பார்க்க வேண்டுமாம். முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் நடந்தோம். மேற்கிலிருந்து வந்த தண்ணீர் படியைத் தொட்டு நின்றது. கிழக்கால் அலை நுரை கடைசித் தென்னை வரிசைக்குள். வீடு நடுவில், புதுச் சுண்ணாம்போடு, வெள்ளையாக.

"வாப்பா, ரவி சேர்ட கோடு எங்கால போகுது?"

கையைக் காட்டினேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம்.

"அப்ப முழு வீடும்."

"ஓம் மகள்."

கிணற்றில் வாளியை விட்டாள். மழைக்காலம், தண்ணீர் கையெட்டும் உயரத்தில். கொஞ்சம் வாயில் வைத்தாள், துப்பினாள். வாளியை என்னிடம் தந்தாள். நானும் வைத்தேன், உப்பு. போன வருடம் இந்தக் கிணற்றில்தான் மேசனுக்குத் தேநீர் போட்டோம்.

"உம்மாக்குச் செல்லாதீங்க. நான் செல்லுறன்."

திரும்பி வந்தோம். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், தண்ணீர் இழுத்தது.

டிசம்பர் 5, வெள்ளி

வெயில். ஊர் முழுவதும் பாய், தலையணை, கொப்பிகள் காய்கின்றன.

தேநீர்க் கடையில் கேட்டது. ஒருவர்: "வாய வெட்டினது ஆதம்பாவா. சபை என்ன செஞ்ச?" மற்றவர்: "சபை அடுத்த வருசம் திரும்பக் கல்லுப் போடும்." சிரிப்பு.

தவி. கொழும்பிலிருந்து திரும்பியிருக்கிறார். தெருவைச் சுற்றிப் பார்த்தாராம். கந்தோரில் என்னோடு வேலைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கதைத்தார்.

டிசம்பர் 8, திங்கள்

கூட்டத்துக்குத் தாள்களைக் கட்டினேன். மனுவோடு ரவியின் வரைபடமும் இணைப்பு, அதோடு கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளின் பட்டியல், ரவியின் சிறிய எழுத்தில். இருபத்து மூன்று. பதினாலாம் இலக்கத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார்.

ரவியின் மேசைக்குப் போனேன்.

"இது மறந்ததா?"

"மறக்கல்ல நானா."

  மையால் எழுதினேன்: செல்வி ந. ஸபீனா, நாலாம் குறுக்குத் தெரு. ஒன்பது பிரதி. ஒன்பது தரம் எழுதினேன், கார்பன் தாள் முடிந்திருந்தது.

டிசம்பர் 10, புதன்

கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பது பேரும் வந்தார்கள். பார்வையாளர் வாங்கில் ஆதம்பாவா காக்காவும் நாலு பேரும், சட்டை மடிப்பு உடையாமல். ரவி கதவோரம்.

கூட்டக் குறிப்பில் வருவது: "ஏழாம் விடயம் வாசிக்கப்பட்டது." நடந்தது இது.

தவி. என்னைப் பார்த்து, "வாசிங்க" என்றார். வாசித்தேன். என் எழுத்தை, வேறு யாரோ எழுதியதுபோல், ஏற்ற இறக்கம் இல்லாமல். தாள் இல்லாத ஊருக்கு என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். இருமினேன். இருமல் உதவியது.

வடக்கு வட்டார உறுப்பினர், ஹாட்வெயார்க் கடைக்காரர், சிரித்தார். "ஜப்பான்ல கதைக்கிற கதைக்கு நம்மட சபையில காசு வெக்கவா? உலகம் சூடாகுதாம். இஞ்ச சனம் நனைஞ்சு போய்க் கிடக்குது."

சிலர் சிரித்தார்கள். ஆதம்பாவா காக்கா எழுந்தார். பார்வையாளர் பேச முடியாது என்று தவி. கையைக் காட்டினார், காக்கா உட்கார்ந்தார். பேசாமல் தன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினார். அலவாங்கு பிடித்த கொப்புளம். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது.

கடைக்காரர் விடவில்லை. "சரி. கோடு கோடெண்டு கதைக்கிறீங்க. அந்தக் கோட்டுக்குள்ள ஆர்ட வீடெல்லாம் வருது? ஏழை எளியதுகள்ட வீடுதானே? கந்தோர்ல இரிக்கிற ஆக்கள்ட வீடு ஒண்டு வருமா?"

தவி. மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். "பட்டியல் இரிக்கிதுதானே. வாசிங்க."

வாசித்தேன். ஒன்று, இரண்டு. பெயரும் தெருவும். பதின்மூன்று. பதினாலு வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.

"பதினாலு. செல்வி நஸீர் ஸபீனா, நாலாம் குறுக்குத் தெரு. என்ட மகள்." கடைசி இரண்டு சொல் தாளில் இல்லை.

  பதினைந்திலிருந்து இருபத்து மூன்று வரை வாசித்து முடித்தேன்.

வாக்கெடுப்பு. நாலு பேர் ஆதரவு. நாலு பேர் எதிர்ப்பு. தவி. கையைத் தூக்கவில்லை. பேனாவை மூடினார், திறந்தார்.

"முழு ஊருக்கும் இந்த வருசம் ஏலா" என்றார். "கடற்கரை வட்டாரமும், வடிகானும். அதுக்கு மட்டும் வெப்பம். ரவி முடிச்சுக் காட்டட்டும், மிச்சத்த மறுகா பாப்பம். நான் ஆதரவு." பிறகு கடைக்காரரைப் பார்த்து, தாழ்ந்த குரலில்: "இனி நான் என்னத்தச் செல்லி எதிர்க்கிற?"

ரவி கதவோரத்திலிருந்து வெளியே போனார். மாமரத்தடியில் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நான் ஏழாம் விடயத்தை எழுதினேன்: ஐந்துக்கு நாலு, நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பிறகு எட்டாம் விடயம், மையவாடி மதில்.

டிசம்பர் 11, வியாழன்

மப்பு. காலையில் மேசையில் நீளமான உறை. பொத்துவிலுக்கு இடமாற்றம், ஜனவரி முதலாம் திகதியிலிருந்து.

உறையோடு தவி.யின் அறைக்குப் போனேன். "சேர், நேத்து நீங்களே ஆதரவு தந்தீங்க."

"ஓம். அது சபை." கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். "இது கந்தோர். எனக்குத் தெரியாம எனக்குக் கீழ ஒராள் கடிதம் எழுதேலா நஸீர்."

அதிலும் பிழை சொல்ல முடியவில்லை. வெளியே வரும்போது கூப்பிட்டார்.

"ஜனவரி நாலாந் திகதி நோன்பு திறக்கிற மேடையா என்னமோ ஒண்டு இரிக்கி. போகுமுந்தி எனக்கு ஒரு பக்கம் எழுதித் தந்துட்டுப் போங்க."

எழுதித் தருவேனா என்று தெரியவில்லை. தருவேன் போல.

டிசம்பர் 12, வெள்ளி

இப்றாலெவ்வை மச்சான் ஜும்ஆவுக்குப் பிறகு வந்தார். உட்கார்ந்தார், இந்த முறை தேநீரைக் குடித்து முடித்தார்.

"நாங்க முறிக்கல்ல. ஆனா பெப்ரவரிக்கு வேணாம். கோட்டுக்கு மேற்கால ஒரு அறையாவது எழும்பட்டும். எழும்பின மறுகா திகதி வெப்பம்."

"எப்ப எண்டு என்னால செல்லேலா மச்சான். பொத்துவிலுக்கும் மாத்திட்டாங்க."

"கேள்விப்பட்டன்." தொப்பியைச் சரி செய்தார். "மகன் காத்திருக்கிறன் எண்டுதான் செல்லுறான். எவ்வளவு காலம் அப்பிடிச் செல்லுவான் எண்டு எனக்குத் தெரியா. அதையும் செல்லத்தானே வேணும்."

நேர்மையாகச் சொன்னார். நன்றி சொன்னேன்.

அவர் போனதும் ஸபீனா வெளியே வந்தாள். திரைக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், மறைக்கவும் இல்லை.

"வாப்பா, கடல் எடுக்குமுந்தி நாம எடுப்பம். ஓடு, கதவு நிலை, யன்னல், மரம். எல்லாத்தையும் கோட்டுக்கு மேற்கால இஞ்ச கொண்டு வந்து, உங்கட வளவுக்குள்ள பின்னால ஒரு அறை போடுவம். சிறிசா."

கதீஜா குசினிக்குள். சட்டி கழுவும் சத்தம் நின்றது, பிறகு தொடங்கியது.

ஆதம்பாவா காக்காவிடம் போனேன். மீன் ஏற்றும் லொறி ஒன்றும் ஆறு ஆட்களும் தருகிறாராம். நாளைக்கே.

டிசம்பர் 13, சனி

வெயில், காற்று இல்லை. கடல் இன்று அடங்கியிருக்கிறது.

வீட்டுக்குள் வெறும் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆட்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். தலைக்கு மேலே வானம். முன்பக்கத்து ஓடு எல்லாம் இறங்கிவிட்டது, உடைந்தது பதினேழு. ஸபீனா வாசலில் வைக்கோல் வைத்து அடுக்குகிறாள். இரண்டு யன்னல் கழன்றது. பின்பக்கத்துக் கூரை வளையில் ஆணி துருப்பிடித்து வர மாட்டேன் என்கிறது. ரவி பத்து மணிக்குக் கருவியோடு வந்தார், இந்த முறை சபையின் கடிதம் சட்டைப் பையில். எங்களைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். முக்காலியைக் கீழே வைத்துவிட்டுக் கூரையிலிருந்து ஓட்டைக் கைமாற்றிக் கொடுத்தார். பிறகுதான் அளக்கப் போனார்.

கதீஜா வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். சோற்றுப் பார்சலோடு வந்தாள். கிணற்றடியில் நின்று வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாளியை விட்டு ஒரு வாய் குடித்தாள், விழுங்கிவிட்டாள். பதினெட்டு நாளுக்குப் பிறகு என்னோடு நேராகக் கதைத்தாள்: "ஆணிய இப்பிடி அடிச்சா மரம் வெடிக்கும். சுத்தியலத் தாங்க."

வளையில் தட்டும் சத்தம் கேட்கிறது. அவள்தான் ஏறியிருக்கிறாள். ஏணி ஆடுகிறதாம், பிடிக்க ஆள் வேண்டுமாம், கூப்பிடுகிறாள்.